பியர்-டு-பியர் கடனை வரியில்லா ஐசா கணக்கில் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பிரிட்டனில் வசிப்பவர்களுக்கானது. கணக்குகள் எல்லாம் பவுண்டில். ‘தளம்’ என்று வரும் இடங்களில் கடன் கொடுப்பவரையும் வாங்குபவரையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் நிறுவனம் என்று பொருள்.

கே: இது என்ன கணக்கு?

வங்கி நடுவில் இல்லாமல், பலர் சிறுசிறு தொகையாகப் போட்டு, ஒரு தனிநபருக்கோ சிறுதொழிலுக்கோ வீடு கட்டுபவருக்கோ வட்டிக்கு விடுவதுதான் பியர்-டு-பியர் கடன். 2005-ல் பிரிட்டனில் ஸோப்பா இதைத் தொடங்கியது. ஐசா என்பது வருமான வரியோ மூலதன ஆதாய வரியோ இல்லாத சேமிப்புக் கணக்கு. ரொக்க ஐசா, பங்கு ஐசா என்று முன்பே இருந்தவற்றோடு, 2016 ஏப்ரல் 6 முதல் ‘இன்னோவேட்டிவ் ஃபைனான்ஸ் ஐசா’ என்ற வகையும் சேர்ந்தது. அதற்குள் வைக்கும் கடன்களின் வட்டிக்கு வரி கிடையாது. கீழே அதைச் சுருக்கமாக ஐ.எஃப். ஐசா என்போம்.

பெயரில் ஐசா இருப்பதால் ரொக்க ஐசா போலப் பத்திரமானது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஐசா என்பது ஒரு பெட்டி, அவ்வளவே. உள்ளே வைக்கும் கடன் திரும்பி வருமா வராதா என்பதில் அந்தப் பெட்டிக்கு எந்தப் பங்கும் இல்லை.

கே: யார் திறக்கலாம்?

18 வயது நிரம்பி, பிரிட்டனில் வரிக் குடியிருப்பாளராக இருப்பவர். தேசியக் காப்பீட்டு எண் கேட்பார்கள். கணவன் மனைவி கூட்டாகத் திறக்க முடியாது, ஆளுக்கொன்று. பிள்ளைகளுக்கான ஜூனியர் ஐசாவிலும், முதல் வீட்டுக்கோ ஓய்வுக்காலத்துக்கோ சேர்க்கும் லைஃப்டைம் ஐசாவிலும் இந்த வகை கிடையாது. எனவே பிள்ளைகள் பெயரில் வழியில்லை.

கே: ஆண்டுக்கு எவ்வளவு போடலாம்?

எல்லா ஐசாக்களுக்கும் சேர்த்து ஒரு வரி ஆண்டில் (ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை) 20,000 பவுண்டு. ரொக்க ஐசாவில் 12,000 போட்டுவிட்டால் இங்கே 8,000-க்குத்தான் இடம். வட்டியாகச் சேர்வது இந்த வரம்பில் சேராது. 2024 ஏப்ரல் 6 முதல் ஒரே ஆண்டில் ஒரே வகை ஐசாவை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் திறக்கலாம். எனவே பணத்தை இரண்டு மூன்று தளங்களில் பிரித்துப் போட இப்போது தடையில்லை. முன்பு ஆண்டுக்கு ஒரு தளம் மட்டுமே.

ஏப்ரல் 5-க்குள் பணம் கணக்குக்குள் வந்துசேர்ந்தால் போதும். அன்றே கடனாகப் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசி நாளில் அனுப்பும் பணம் மறுநாள் வரவானால் அது அடுத்த ஆண்டுக் கணக்கு. ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

தவறுதலாக 20,000-ஐத் தாண்டிவிட்டால், அவசரப்பட்டு நீங்களே எடுத்துவிடாதீர்கள். வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் ஐசா உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். எந்தத் தொகை செல்லாது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கே: உண்மையில் எவ்வளவு வரி மிச்சமாகிறது?

இதைக் கணக்குப் போடாமல் திறப்பவர்கள்தான் அதிகம். ஐசாவுக்கு வெளியேயும் வட்டிக்கு ஓரளவு வரிவிலக்கு பெரும்பாலோருக்கு உண்டு: 20 சதவீத வரிக்காரருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு, 40 சதவீதக்காரருக்கு 500, 45 சதவீதக்காரருக்கு ஒன்றுமில்லை.

20,000 பவுண்டை 7 சதவீதத்துக்கு விட்டால் ஆண்டு வட்டி 1,400. வேறு வட்டி வருமானமே இல்லாத 20 சதவீதக்காரர் ஐசாவுக்கு வெளியே வைத்தால், 1,000 போக மீதி 400-க்கு 80 பவுண்டு வரி. 40 சதவீதக்காரருக்கு 900-க்கு 360. 45 சதவீதக்காரருக்கு முழு 1,400-க்கும் 630. ஐசா மிச்சப்படுத்துவது இந்தத் தொகையைத்தான். வங்கிச் சேமிப்பிலும் நல்ல வட்டி வருகிறது என்றால் அந்த 1,000 அல்லது 500 அங்கேயே தீர்ந்துபோயிருக்கும். அப்போது மிச்சம் கூடும்.

சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்து 17,570 பவுண்டுக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு: வட்டியில் 5,000 பவுண்டு வரை பூஜ்ய விகிதம். (12,570-க்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் இந்த 5,000-ல் ஒரு பவுண்டு குறையும்.) ஓய்வுபெற்ற பல பெற்றோருக்கு இதுவே போதும், வரிக்காக மட்டும் அவர்கள் ஐ.எஃப். ஐசா பக்கம் போக வேண்டியதில்லை.

கே: கடன் வாராக்கடன் ஆனால் வரியில் ஈடுகட்டலாமா?

ஐசாவுக்குள் முடியாது. வெளியே முடியும்.

ஐசாவுக்கு வெளியே, அங்கீகாரம் பெற்ற தளம் வழியாகக் கொடுத்த கடன் திரும்பவே வராது என்று முடிவானால், அந்த அசல் நட்டத்தை மற்ற பியர்-டு-பியர் கடன்களின் வட்டியில் கழித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு வட்டி போதாவிட்டால் மீதியை அடுத்த 4 ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம். ஐசாவுக்குள் இருக்கும் கடன் மூழ்கினால் அந்த நட்டத்தை எங்கும் காட்ட முடியாது. போன தொகைக்கு ஈடாக வரம்பும் திரும்பக் கிடைக்காது. 3,000 மூழ்கினால் அந்த 3,000-க்கான ஐசா இடமும் சேர்ந்தே போய்விடும்.

மேலே சொன்ன 20,000 பவுண்டையே எடுத்துக்கொள்வோம். வட்டி 1,400, அதே ஆண்டில் 600 பவுண்டு அசல் வாராக்கடன். வெளியே வைத்திருந்தால் வரிக்குரிய வட்டி 800-ஆக இறங்கும். 20 சதவீதக்காரருக்கு அது 1,000-க்குள் அடங்கிவிடுவதால் வரி பூஜ்யம். ஐசாவில் வைத்தாலும் வெளியே வைத்தாலும் கையில் நிற்பது அதே 800-தான்; 20,000 பவுண்டு ஐசா வரம்பைச் செலவழித்ததுதான் வீண். 40 சதவீதக்காரர் வெளியே வைத்தால் 300-க்கு 120 வரி. ஐசா அவருக்கு 120 மிச்சப்படுத்தியது, 360 அல்ல.

எனவே 20 சதவீதக்காரர், சிறு தொகை, வேறு வட்டி வருமானம் இல்லை என்றால், வரம்பைப் பங்கு ஐசாவுக்கோ ரொக்க ஐசாவுக்கோ விட்டுவிட்டு, கடனைச் சாதாரணக் கணக்கில் வைப்பதே மேல். 40, 45 சதவீதக்காரருக்கு ஐ.எஃப். ஐசா பொருள் உள்ளது.

கே: எஃப்.எஸ்.சி.எஸ். (வங்கி போன்ற நிதி நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளருக்கு ஈடு தரும் திட்டம்) ஈட்டுத்தொகை கிடைக்குமா?

கடன் மூழ்கினால் கிடைக்காது. தளம் மூடினாலும் அதற்காகக் கிடைக்காது. இன்னும் கடனாகப் போகாமல், தளத்தின் வாடிக்கையாளர் கணக்கில், அதாவது ஒரு வங்கியில், சும்மா கிடக்கும் பணம் இருக்கிறதே, அந்த வங்கியே திவாலானால் மட்டும் எஃப்.எஸ்.சி.எஸ். வரும். 2025 டிசம்பர் 1 முதல் அதன் உச்சவரம்பு ஒரு வங்கிக் குழுமத்துக்கு 1,20,000 பவுண்டு. அதே வங்கியில் உங்கள் சொந்தச் சேமிப்பும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே இந்த வரம்பு.

சில தளங்கள் ‘காப்பு நிதி’ என்று ஒன்றைக் காட்டும். கடன் வாங்குபவர்களிடம் பிடித்த கட்டணத்தில் சேர்த்த பணம் அது. நல்ல காலத்தில் உதவும். எல்லோரும் ஒன்றாகத் தவணை தவறும் காலத்தில் வற்றும். 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தின்போது, ரேட்செட்டர் என்ற தளம் தன் காப்பு நிதியைத் தாங்குவதற்காக முதலீட்டாளர்களின் வட்டியைப் பாதியாகக் குறைத்தது. (அந்தக் கடன் தொகுப்பைப் பிறகு மெட்ரோ பேங்க் வாங்கிக்கொள்ள, 2021-ல் முதலீட்டாளர்களுக்குப் பணம் திரும்பியது.)

கே: உறவினருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறேன். அதை ஐசாவில் சேர்க்கலாமா?

முடியாது. பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலும் முடியாது. நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையமான எஃப்.சி.ஏ.யின் அனுமதியும் எச்.எம்.ஆர்.சி.யின் ஐசா மேலாளர் அங்கீகாரமும் உள்ள தளம் வழியாகக் கொடுத்த கடனுக்கு மட்டுமே இந்த வழி.

கே: தளத்தில் ஏற்கெனவே கொடுத்துவைத்த கடன்களை அப்படியே ஐசாவுக்குள் நகர்த்தலாமா?

கூடாது. ரொக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும். பழைய கடன்களை மறுவிற்பனைச் சந்தையில் விற்று, வந்த பணத்தை ஐ.எஃப். ஐசாவில் போட்டு, அங்கே புதிதாகக் கடன் பங்குகளை வாங்க வேண்டும். விற்பனைக் கட்டணம் உண்டா, விற்ற பணம் மீண்டும் கடனாகப் போக எத்தனை நாளாகும் என்று முதலில் பாருங்கள். 1 சதவீதக் கட்டணம் கொடுத்து விற்று, மூன்று வாரம் வட்டியில்லாமல் காத்திருந்தால், 20 சதவீதக்காரரின் ஓராண்டு வரி மிச்சம் அதிலேயே கரைந்துவிடும். பெரும்பாலும் எளிய வழி: பழைய கடன்களில் வரும் தவணைகளை மறுமுதலீடு செய்யாமல், சேரச்சேர ஐசா பக்கம் திருப்பிவிடுவது.

கே: வேறு ஐசாவில் இருக்கும் பணத்தை எப்படிக் கொண்டுவருவது?

பணத்தை வெளியே எடுத்துவிட்டு மீண்டும் போடாதீர்கள். எடுத்த நொடியே அது ஐசா தகுதியை இழக்கிறது. திரும்பப் போடும்போது இந்த ஆண்டு வரம்பைத் தின்கிறது. மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

சரியான முறை: முதலில் ஐ.எஃப். ஐசாவைத் திறந்துகொள்ளுங்கள். அந்தத் தளத்தின் மாற்றல் படிவத்தில் பழைய நிறுவனத்தின் பெயர், கணக்கு எண், முழுத் தொகையா பகுதியா, இந்த ஆண்டுப் பணமா முந்தைய ஆண்டுப் பணமா என்பதை நிரப்பிக் கையெழுத்திடுங்கள். மிச்சத்தைப் புதிய தளமே பழைய நிறுவனத்தோடு பேசி முடிக்கும். 30 நாட்களுக்குள் முடிய வேண்டும். (15 வேலைநாள் என்பது ரொக்க ஐசாவிலிருந்து ரொக்க ஐசாவுக்கு மட்டும்.) முந்தைய ஆண்டுகளின் பணத்தை எவ்வளவு மாற்றினாலும் இந்த ஆண்டின் 20,000 தொடப்படாது. நிலைவைப்பு ஐசாவாக இருந்தால் முன்கூட்டியே முறிப்பதற்கு வட்டி பிடிப்பார்கள். பெயரும் முகவரியும் இரண்டு இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திராவிட்டால் படிவம் திரும்பிவிடும். நம் பெயர்களில் முதலெழுத்து, தந்தை பெயர், குடும்பப் பெயர் இடம் மாறிக் கிடப்பது வழக்கம் என்பதால் இதைக் கவனமாகப் பாருங்கள்.

கே: தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் எதைச் சரிபார்ப்பது?

எஃப்.சி.ஏ. பதிவேட்டில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தச் செயலுக்கு அனுமதி என்று உள்ளே போய்ப் பாருங்கள். மின்வழிக் கடன் தளம் நடத்தும் அனுமதி இருக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் மூடிய கொலாட்டரல் என்ற தளத்துக்கு உரிய அனுமதியே இல்லை. 2019 ஜனவரியில் வீழ்ந்த லண்டன் கேப்பிட்டல் அண்ட் ஃபைனான்ஸ் எஃப்.சி.ஏ. பதிவேட்டில் இருந்த நிறுவனம்தான். ஆனால் அது விற்ற மினி பத்திரங்கள் (ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் நேரடியாகக் கடன் வாங்கித் தரும் பத்திரங்கள்) அந்த அனுமதிக்குள் வராதவை, ஐசாவில் வைக்கத் தகுதியும் இல்லாதவை. ஐசா என்ற பெயரை நம்பிப் போட்டவர்கள் உட்பட 11,600-க்கும் மேற்பட்டோரின் சுமார் 23.7 கோடி பவுண்டு அதில் சிக்கியது. அது பியர்-டு-பியர் அல்ல. ஆனால் வரியில்லா ஐசா, 8 சதவீதம் என்று விளம்பரம் கண்ணில் பட்டால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது இந்த நிகழ்வுதான்.

அடுத்து, தளம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய முடிவு அறிக்கையைப் படியுங்கள். எதிர்பார்த்த வாராக்கடன் விகிதமும் உண்மையில் நேர்ந்ததும் அருகருகே இருக்கும். ஆண்டுவாரியாகப் பாருங்கள். கடைசி இரண்டு ஆண்டின் எண்கள் எப்போதும் அழகாகவே தெரியும்; அந்தக் கடன்களுக்குக் கெட்டுப்போக இன்னும் காலம் கிடைக்கவில்லை.

கட்டடக் கடன் என்றால் இன்னும் இரண்டு கேள்வி. முதல் அடமானமா, இரண்டாம் அடமானமா? இரண்டாம் அடமானம் என்றால், விற்ற பணம் முதலில் வேறொருவருக்குப் போய், மீந்தால்தான் உங்களுக்கு. கடன் 70 சதவீதம் என்கிறார்களே, எந்த மதிப்பில் 70? இன்றைய மதிப்பிலா, கட்டி முடித்தபின் வரும் என்று எதிர்பார்க்கும் மதிப்பிலா? பாதியில் நின்ற கட்டடத்தை அந்த எதிர்கால மதிப்புக்கு யாரும் வாங்க மாட்டார்கள். 12 சதவீதம் வரை வட்டி காட்டிய லெண்டி என்ற தளம் 2019 மே மாதம் நிர்வாகிகள் (நொடித்த நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்த நியமிக்கப்படுபவர்கள்) கைக்குப் போனபின், இத்தகைய கடன்களை வசூலிப்பது ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

கே: எத்தனை கடன்களில் பிரிக்க வேண்டும்?

5,000 பவுண்டை ஆயிரம் ஆயிரமாக ஐந்து கடனில் 8 சதவீதத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒன்று மூழ்கி, அடமானம் விற்றும் 40 சதவீதம் திரும்பவில்லை: 400 பவுண்டு நட்டம். ஐந்து கடனும் சேர்ந்து ஓராண்டில் தரும் வட்டியே 400-தான். அதே 5,000-ஐ ஐம்பது ஐம்பதாக 100 கடனில் போட்டிருந்தால், 400 இழக்க 20 கடன்கள் அதே அளவில் மூழ்க வேண்டும். நூறுக்குக் குறையாமல் பிரிப்பது நல்லது. ஆனால் நூறும் ஒரே ஊரின் அடுக்குமாடிகள் என்றால் பிரித்ததாகக் கொள்ள முடியாது.

கே: எவ்வளவு போட அனுமதிப்பார்கள்? எதற்குத் தேர்வு வைக்கிறார்கள்?

2019 டிசம்பர் 9 முதல், புதிதாக வரும் சாதாரண முதலீட்டாளர் தன் முதலீட்டுக்குரிய சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை என்று உறுதிமொழி தர வேண்டும். குடியிருக்கும் வீடும் ஓய்வூதிய நிதியும் ஆயுள் காப்பீடும் இதில் சேராது. 60,000 பவுண்டு சேமிப்பு இருந்தால் 6,000. எனவே ஐசா வரம்பு 20,000 என்றாலும் பலருக்கு உண்மையான வரம்பு இந்தப் பத்து சதவீதம்தான்.

புரிதல் சோதனையும் அப்போது வந்ததே. 2023 பிப்ரவரி முதல், ஒரு தளத்துக்குப் புதிதாக வருபவர் 24 மணிநேரம் காத்திருக்கவும் வேண்டும். விடைகளை இணையத்தில் தேடிக் கடந்துவிடாதீர்கள். தடுமாறும் கேள்வி எதுவோ, உங்களுக்குப் புரியாத ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஓடிவருபவர்களை இந்த 24 மணிநேரம் மாட்டிவிடும்.

கே: வேண்டும்போது பணத்தை எடுக்க முடியுமா?

உறுதியில்லை. உங்கள் கடன் பங்கை வேறொருவர் வாங்கினால்தான் பணம். 2020 ஏப்ரலில் ஃபண்டிங் சர்க்கிள் மறுவிற்பனையையே நிறுத்திவைத்தது. வேறு தளங்களில் வெளியேறும் வரிசை மாதக்கணக்கில் நீண்டது. தவணை தவறிய கடனைப் பொதுவாக விற்கவே விடமாட்டார்கள். கடன் காலம் 5 ஆண்டு என்றால் 5 ஆண்டும் அதற்குமேலும் பணம் தேவைப்படாது என்ற நிலையில்தான் போட வேண்டும். வீட்டு முன்பணத்துக்கோ திருமணத்துக்கோ சேர்ப்பதை இங்கே வைக்காதீர்கள்.

கே: தளம் தொழிலைவிட்டுப் போனால்?

நல்லபடியாகவும் போகலாம். 2021 டிசம்பரில் ஸோப்பா தன் பியர்-டு-பியர் பிரிவை மூடி, கடன்களை முகமதிப்புக்கே திரும்ப வாங்கிக்கொண்டது. 2022 மார்ச்சில் ஃபண்டிங் சர்க்கிள் சிறு முதலீட்டாளர்களுக்கு நிரந்தரமாகக் கதவடைத்தது. ஏற்கெனவே கொடுத்த கடன்களின் தவணைகள் தொடர்ந்து வந்தன. இப்படித் துளித்துளியாக வரும் பணத்தைச் சொந்த வங்கிக் கணக்குக்கு எடுத்துவிட்டால் ஐசா தகுதி போச்சு. ஓரளவு சேர்ந்ததும் மாற்றல் படிவம் வழியாக வேறு ஐசாவுக்கு அனுப்புங்கள்.

தளமே திவாலானால், கடன்கள் சட்டப்படி உங்களுடையவை என்றாலும் வசூலிக்கும் வேலை நிர்வாகிகளிடம் போகும். அவர்களுடைய செலவு வசூலில் பிடிக்கப்படலாம். மூடும் நிலை வந்தால் யார் வசூலைத் தொடர்வது என்ற திட்டத்தை ஒவ்வொரு தளமும் வைத்திருக்க வேண்டும். சேரும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கே: ஐ.எஃப். ஐசாவிலிருந்து வேறு ஐசாவுக்குப் போவது எப்படி?

கடன்களை விற்று ரொக்கமாக்கிய பின் மாற்றல் படிவம். விற்க முடியாதவை பின்தங்கும். அவற்றுக்காகப் பழைய கணக்கைத் திறந்தே வைக்க வேண்டும்.

2025 நவம்பர் பட்ஜெட்டுக்குப் பின் இதில் ஒரு மாற்றம் வருகிறது. 2027 ஏப்ரல் 6 முதல் 65 வயதுக்குக் குறைந்தவர்கள் ரொக்க ஐசாவில் ஆண்டுக்கு 12,000 மட்டுமே போடலாம் என்றும், அவர்கள் பங்கு ஐசாவிலிருந்தோ ஐ.எஃப். ஐசாவிலிருந்தோ ரொக்க ஐசாவுக்கு மாற்ற முடியாது என்றும் அறிவித்திருக்கிறார்கள். பிறகு ரொக்க ஐசாவுக்குத் திரும்பிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு இப்போது உள்ளே வருபவர்கள் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கே: எடுத்த பணத்தை அதே ஆண்டில் திரும்பப் போடலாமா?

தளம் நெகிழ்வு ஐசா, அதாவது எடுத்த பணத்தை அதே ஆண்டில் வரம்பைத் தின்னாமல் திரும்பப் போட விடும் ஐசா, வழங்கினால் மட்டும். விதிமுறையில் எழுதியிருக்கும்.

கே: கணக்குதாரர் இறந்துவிட்டால்?

கடன்கள் உடனே பணமாகாது; தவணைகள் தொடர்ந்து வரும். இறந்தபின்னும் 3 ஆண்டு வரை அல்லது சொத்துப் பிரிவினை முடியும் வரை, எது முந்தியதோ அதுவரை வரிவிலக்கு நீடிக்கும். அந்த ஐசாவின் மதிப்புக்குச் சமமான கூடுதல் ஐசா வரம்பு கணவருக்கோ மனைவிக்கோ கிடைக்கும். வாரிசு வரிக்கு ஐசா விலக்கல்ல. இணையத்தில் மட்டுமே இருக்கும் கணக்கு இது, காகிதம் வீட்டுக்கு வராது. தளத்தின் பெயரை வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.

கே: இந்தியாவுக்குத் திரும்பப் போகிறேன். கணக்கு என்னவாகும்?

வைத்திருக்கலாம், நாடு விட்டுப் போகும் வரி ஆண்டுக்குப் பின் புதிதாகப் பணம் போட முடியாது. முகவரி மாற்றத்தைத் தளத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிரிட்டன் வரி விதிக்காது, ஆனால் இந்திய வருமான வரிச் சட்டத்துக்கு ஐசா என்ற விலக்கு கிடையாது. திரும்பிய பின் ஆர்.என்.ஓ.ஆர். நிலையில் (இந்திய வரிச் சட்டப்படி இன்னும் முழுக் குடியிருப்பாளர் ஆகாத இடைநிலை) இருக்கும் காலத்தில் இந்த வட்டிக்கு இந்தியாவில் வரி வராது. அது முடிந்து முழுக் குடியிருப்பாளர் ஆனதும் வட்டியைக் காட்டி உங்கள் வருமான அடுக்குக்குரிய விகிதத்தில் வரி கட்ட வேண்டும், வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலிலும் கணக்கைச் சேர்க்க வேண்டும். கடன்கள் முடிய 5 ஆண்டு வரை ஆகலாம் என்பதால், புறப்படும் தேதிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு முன்பே மறுமுதலீட்டை நிறுத்திவிடுவது வசதி.

கே: பிரிட்டன் வரிப் படிவத்தில் காட்ட வேண்டுமா?

ஐசாவுக்குள் வந்த வட்டியைக் காட்ட வேண்டியதில்லை. அதே தளத்தில் ஐசா அல்லாத கணக்கும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி ஆண்டறிக்கை வாங்குங்கள். வாராக்கடன் கழிவு கோருவதற்கு இரண்டாவது அறிக்கை மட்டுமே செல்லும்.

கே: தளத்தின் மீது புகார் இருந்தால்?

முதலில் தளத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். இறுதிப் பதில் தர அவர்களுக்கு 8 வாரம். பதில் திருப்தியில்லை என்றால், அது வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. கடன் மூழ்கியது என்பது மட்டும் புகாராகாது. அடமான மதிப்பைத் தவறாகக் காட்டினார்கள், மாற்றல் படிவத்தைக் கிடப்பில் போட்டார்கள் என்பவை புகாராகும்.